வாங்கறவனுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கும்

பாத்து வாங்க சார், அந்த எடத்துல படி ஒடஞ்சு கெடக்குது. போன மாசம் பேங்க்குலருந்து வந்த அம்மா ஒருத்தங்க அதுலதான் காலைப் பெரட்டிக்கிட்டாங்க. சாவிக்கொத்து எடுத்தாந்துட்டேனுங்க. மொத்தம் நாப்பத்தொரு சாவி. எந்தச் சாவி எந்தப் பூட்டுக்குன்னு தெரிஞ்ச ஒரே ஆளு இப்ப நாந்தான்.

எம் பேரு கிட்டுசாமிங்க. வாட்ச்மேன். இருபத்திரண்டு வருசமா இந்த கேட்டுல நிக்கறேன். மில்லு மூடி ரெண்டு வருசம் ஆச்சு. பேங்க்காரங்க வந்து சீலு வெச்சாங்க. மில்லுக்குக் காவலு நின்னவன் அப்பறம் சீலுக்குக் காவலு நிக்கறேன், அவ்வளவுதான் வித்தியாசம். சம்பளம் என்னமோ கோர்ட்டுல வெச்ச ஆளு அனுப்பறாரு.

சார் மதிப்புப் போடத்தானுங்களே வந்திருக்கறீங்க? மெஷினு, கட்டடம், எடம், எல்லாம் எவ்வளவு பெறும்னு நீங்க எழுதிக் குடுத்தா ஏலத்துக்கு உட்டுருவாங்க. தெரியுமுங்க. அதுக்குத்தான் வியாழக்கெழமைக்குள்ள குவார்ட்டர்ஸக் காலி பண்ணச் சொல்லி நோட்டீசு ஒட்டிட்டாங்க. அதா, ஓடு போட்ட வரிசை தெரியுதுங்களா, அதுல மூணாவது நம்மூடு. பதினெட்டுக் குடும்பம் இருந்துச்சு. இப்ப நான் ஒருத்தன்.

அடிக்கடி போனைப் பாக்கறேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. இன்னிக்குத் திங்கக்கெழமை. நம்ம மில்லு ஷேரு இன்னும் மார்க்கெட்டுல இருக்குதுங்க. நிசந்தானுங்க! மில்லுக்குத்தான் சீலு வெச்சாங்க, ஷேருக்கு யாரும் வெக்கலை. நொடிச்சுப்போன கம்பெனிங்கறதால வாரத்துல ஒரு நாளு, திங்கக்கெழமை மட்டும், வாங்கலாம் விக்கலாம். காலைல ஒம்பதேகாலுக்கே விக்கறதுக்குப் போட்டு வெச்சிருக்கேன். ஆறாயிரத்து முந்நூறு ஷேரு. ஒரு ரூவா எம்பது பைசா. வித்தா பதினோராயிரத்துச் சில்லறை. நோட்டீசு ஒட்டினதுலருந்து ஏழு வாரமா இதே மாதிரி போடறேன். வாங்க நாதியில்லை. மூணரை மணிக்கு அதுவா ரத்தாயிருது.

இன்னிக்கு வித்தே ஆகோணும்னு நிக்கறது சம்சாரத்துக்காகத்தானுங்க. துளசிமணின்னு பேரு. இதே மில்லுல, நூலைக் கோன்ல சுத்தற வைண்டிங்ல பத்தொம்பது வருசம் நின்னவ. இப்பத் திருப்பூர்ல மக ஊட்டுல இருக்கறா. சண்டை கிண்டையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. பேரனைப் பாத்துக்கறதுக்குப் போனா. பேரன் பள்ளிக்கோடம் போக ஆரம்பிச்சு ஒரு வருசமாச்சு, இருந்தாலும் பொம்பளைக்கு மக ஊடுன்னா அப்படித்தானுங்களே. பதினாலு மாசமாச்சு. அங்க இருக்கறது ஒரே ரூமு. மாப்பிள்ளை இருக்கறதால இவ சமையக்கட்டுல பாயை விரிச்சுக்கறா.

இப்ப அவளே லைன் ஊடு ஒண்ணு பாத்து வெச்சிருக்கறா. ஒரு ரூமு, ஒரு அடுப்படி. அட்வான்சு பத்தாயிரம். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லோணும், இல்லீன்னா வேற ஆளுக்கு உட்டுருவேன்னு ஊட்டுக்காரரு சொல்லிட்டாராம். 'அந்தக் கருமத்தை என்ன வெலைக்காச்சும் வித்துப்போட்டு வாங்க, ரெண்டு பேரும் இருந்துக்கலாம்'னா. நேத்துத்தான் போன்ல சொன்னா. பதினாலு மாசத்துல அவ என்னைய வான்னு கூப்பிட்டது இதான் மொதத்தடவை. பொய் சொல்ல மாட்டேனுங்க, போனை வெச்சுப்போட்டு சித்த நேரம் அழுதேன்.

இருங்க, இந்தப் பூட்டு சித்தே மக்கர் பண்ணும். ஆச்சு. இது ஸ்பின்னிங் ஷெட்டு. எழுதிக்கங்க, நான் பேசறதுக்காக நிக்காதீங்க.

இந்த மெஷின்களை நீங்க நாலு வருசத்துக்கு முன்னால பாத்திருக்கோணும். பம்பாய்லருந்து பெரிய பெரிய ஆளுகளா ஒரு பஸ்ஸு நெறைய வந்தாங்க. ஷேரு வாங்கறதுக்கு முன்னாடி கம்பெனி நெசமாலுமே ஓடுதான்னு பாக்க வருவாங்களாமே, அது. மொத நாளே சின்ன மொதலாளி என்னையக் கூப்புட்டாரு. 'கிட்டு, நாளைக்கு லாரி நெறைய வரும், ஒண்ணு விடாம நோட்டுல எழுதோணும்'னாரு. சரிங்கன்னேன். மக்யா நாளு ஆறு லாரி வந்துச்சுங்க. முன் கேட்டுல உள்ள வரும், பின் கேட்டுல வெளிய போவும், ரோட்டைச் சுத்திக்கிட்டு மறுக்கா முன் கேட்டுக்கு வந்துரும். தார்ப்பாயை மட்டும் மாத்திக் கட்டுவாங்க. ஒரு டிரைவரு நாலாவது சுத்துல எங்கிட்டத் தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு, 'அண்ணா தல சுத்துதுங்கண்ணா'ன்னான்.

அதுல ஒரு பெரிய மனுசன் எங்கிட்ட வந்து தினம் எத்தனை லாரின்னு அரைகொறைத் தமிழ்ல கேட்டாரு. நோட்டைக் காட்டினேன். முப்பத்தொண்ணு. அது பொய்யில்லீங்க. முப்பத்தொரு தடவை உள்ள வந்துச்சு. ஆறு லாரின்னு அவரும் கேக்கலை, நானும் சொல்லலை.

சிரிக்கறீங்க. நானுந்தான் அன்னிக்குச் சிரிச்சேன். ஊட்டுக்குப் போயித் துளசிகிட்டச் சொன்னா, அவளும் சிரிச்சா. அவ சங்கதி அதுக்கு மேல. வைண்டிங்ல நூலு பத்தலைன்னு பாதி மெஷினுல வெறுங்கோனைச் சுத்த உட்டு, அதுக்கு முன்னால பொம்பளைகளை ஆளுக்கொண்ணா நிறுத்தி வெச்சிருந்தாங்க. 'என்னைய எட்டு மணி நேரம் காத்தைச் சுத்த வெச்சுட்டாங்க'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. ரெண்டு பேரும் அப்படிச் சிரிச்சது அதுக்கப்பறம் இல்லீங்க.

அந்தப் பஸ்ஸு திரும்பிப் போயி பத்து நாள்ல ஷேரு ஏற ஆரம்பிச்சுது. எனக்கு இதெல்லாம் தெரியாது. எதுத்தாப்புல பேக்கரி இருக்குதுங்களே, அதோட ஓனரு தேவராஜ்தான் சொன்னான். ரோட்டுல டீ குடிக்க நிக்கறவனுக்கெல்லாம் அவந்தான் ஷேருக்கு வழி சொல்றவன். 'கிட்டண்ணா, உங்க மில்லு நாப்பது ரூவாயிலருந்து அறுபதாயிருச்சு'ன்னான். அட போடான்னேன். எம்பதாச்சு. நூத்தி இருவதாச்சு. அப்பறம் எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சுங்க.

யோசிச்சுப் பாருங்க. வந்தவங்க யாரு? படிச்சவங்க. கண்ணாடிக் கட்டடத்துல ஏசியப் போட்டு ஒக்காந்து கணக்குப் போடறவங்க. அவங்க போயி ஆறு லாரிக்கு ஏமாறுவாங்களா? எனக்கே சிரிப்பு வருது, அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காதா? தெரிஞ்சுந்தான் வாங்கறாங்க. லாரிக்கும் மெஷினுக்கும் மேல வேற என்னமோ இருக்கோணும். நான் கேட்டுல நிக்கறவன், எனக்கு கேட் வரைக்குந்தான் தெரியும். வாங்கறவனுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கும்.

இந்த மெஷினு ஒண்ணு என்ன பெறுமுங்க? கிலோக் கணக்கா? இரும்பு வெலையா! சரி சரி, எழுதிக்கங்க, நீங்க படிச்சவரு.

எட்டு மாசத்துல நூத்தித் தொண்ணூறு ஆச்சு. அதே எட்டு மாசத்துல மூணு சிப்டு ரெண்டாயி, ரெண்டு ஒண்ணாச்சு. பொம்பளைகளைக் கணக்கு முடிச்சு அனுப்பிட்டாங்க. துளசிக்கு பி.எப்., கிராஜுவிட்டி எல்லாஞ் சேத்தி நாலு லட்சத்து அறுவதாயிரம் வந்துச்சு. சூலூர்ப் பக்கம் ரெண்டு சென்ட்டு எடம் பேசி, பத்தாயிரம் அட்வான்சுங் குடுத்து வெச்சிருந்தா. குவார்ட்டர்ஸ்லயே காலந் தள்ளிட்டோம், சொந்தமா ஒரு செவுரு வேணும்னு அவளுக்கு ஆசை. தப்பில்லீங்க. நாந்தான் சொன்னேன், ரெண்டே மாசம் பொறு, ரெண்டு சென்ட்டு நாலு சென்ட்டாகும்னு.

அவ கேட்டா, 'நான் நின்ன மெஷினுல நூலே இல்லை, அதுக்கு எதுக்கு நூத்தித் தொண்ணூறு ரூவா குடுக்கறாங்க?' பாருங்க, பொம்பளை கேள்வி. எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துருச்சு. 'இன்னிக்கு இருக்கறதைப் பாத்து வெலை வெக்கறதில்லடி, நாளைக்கு வரப்போறதைப் பாத்து வெக்கறாங்க'ன்னேன். அது தேவராஜ் சொன்னது. அவ பேங்க்கு பாரத்துல கையெழுத்துப் போட்டுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. சம்மதம் இல்லீன்னா கையெழுத்துப் போடுவாளுங்களா?

அத்தனை பணத்தையும் ஷேருல போட்டதுக்கப்பறம் இருநூத்திப் பன்னெண்டு வரைக்கும் போச்சுங்க. பத்தொம்பது நாளு. அந்தப் பத்தொம்பது நாளு நான் பணக்காரன். கேட்டுல சல்யூட் வெச்சுக்கிட்டு நிப்பேன், உள்ளுக்குள்ள 'உங்க கம்பெனியில நானும் ஒரு பங்காளிடா'ன்னு இருக்கும். அதுல ஒரு நாளு நோட்டை எடுத்தா, காலைலருந்து ஒரு லாரி எழுதலை. ஒண்ணுகூட. போனை எடுத்தா, ஷேரு இருநூத்திப் பன்னெண்டு. நீங்களே சொல்லுங்க சார், எதை நம்பறது? நோட்டை எழுதறவன் நான் ஒருத்தன். ஷேரை வாங்கறவங்க லட்சம் பேரு.

பத்தொம்பதாவது நாளு, வெள்ளிக்கெழமை, சின்ன மொதலாளி காரு வெளிய போச்சு. சல்யூட் வெச்சேன், நோட்டுல நேரம் எழுதினேன். வெளியேன்னு எழுதியிருக்குது. உள்ளேங்கற கட்டம் இன்னிக்கு வரைக்கும் காலியாத்தான் கெடக்குது. வெளிநாட்டுல இருக்கறாருங்கறாங்க. நல்லா இருக்கட்டும். எனக்கு அவரு மேலகூட அவ்வளவு கோவமில்லீங்க. அவசரப்பட்டு வித்தானுங்க பாருங்க, அவனுங்க மேலதான் கோவம். எல்லாரும் வெச்சிருந்தா வெலை எப்படிங்க எறங்கும்? தெனமும் எறங்குச்சு. விக்கப் போட்டா வாங்க ஆளில்லை. நூறு, அம்பது, பதினொண்ணு, கடைசில ரெண்டு ரூவா.

வாங்க, இக்கட்டால வாங்க. இது பாய்லர் ரூமு. அந்தத் துருவெல்லாம் மேலாகத்தானுங்க, உள்ள நல்ல கனம்.

இங்கதான் ஒரு வேடிக்கை நடந்துச்சு. மில்லு மூடி ஏழெட்டு மாசம் இருக்கும், இந்த ரூமுக்குள்ள மலைத்தேனீ கூடு கட்டிருச்சு. என்னைய ரெண்டு தடவை கொட்டி மொகமெல்லாம் வீங்கிப்போச்சு. சரின்னு ஒரு நாளு காலைல, கழிவுப் பஞ்சை அள்ளிப் பாய்லர் அடுப்புல திணிச்சுப் பத்த வெச்சேன். பொகையின்னா பொகை, சிம்னி வழியா வானத்துக்குப் போச்சு. தேனீ ஓடிருச்சு. நான் குளிச்சுப்போட்டு பேக்கரிக்கு டீ குடிக்கப் போறேன், அங்க தேவராஜ் குதிக்கறான். சிம்னியப் போட்டோ எடுத்து அவன் வாட்ஸ்அப் குரூப்புல போட்டுட்டான். 'மில்லு ஓட ஆரம்பிச்சாச்சு'ன்னு. அது பத்து குரூப்புக்குப் போயி, எங்கெங்கயோ போயி, நாலு நாளு ஷேரு ஏறுச்சுங்க, அப்பெல்லாம் தெனமும் மார்க்கெட்டு உண்டு. ரெண்டு ரூவா, ரெண்டு அம்பத்தஞ்சாச்சு.

ஆமாங்க, நாந்தான் பத்த வெச்சேன். இந்தக் கையால. அதுல என்ன சந்தேகம்? தேவராஜ்கிட்டயும் சொன்னேன், தேனீக்குடா அதுன்னு. அவன் என்ன சொன்னான் தெரியுமுங்களா? 'அண்ணா, பொகையப் பாத்து நூறு பேரு வாங்குவான். ஆயிரம் பேரு வாங்குவானா?' நியாயமாப் படலீங்களா? வாங்கினது எத்தனையோ ஆயிரம் பேரு. எம் பொகைக்கு அத்தனை சக்தி ஏதுங்க? பொகை வந்த அதே நேரத்துல வேற என்னமோ நடந்திருக்கோணும். யாரோ பெரிய ஆளு மில்லை வாங்கப் பேசியிருக்கோணும். எனக்குத் தெரியாததால இல்லைன்னு ஆயிருமுங்களா?

சூலூர் எடத்துக்காரரு நல்ல மனுசன். எங்களால மீதி கட்ட முடியலைன்னு, வாங்கின அட்வான்சு பத்தாயிரத்தை அப்படியே திருப்பிக் குடுத்திருந்தாரு. அது அஞ்சரைப்பெட்டிக்கு அடியில இருந்துச்சு. அதுக்கும் வாங்கிட்டேன். முன்ன வாங்கினது ரெண்டாயிரத்து நானூறு, இது மூவாயிரத்துத் தொள்ளாயிரம். இப்பச் சொன்னனே ஆறாயிரத்து முந்நூறு, அதான். துளசிக்குத் தெரிஞ்சு ஒரு வார்த்தை திட்டலீங்க. ரெண்டு நாள்ல பேரனைப் பாத்துக்கோணும்னு திருப்பூர் கெளம்பிட்டா. துணிமணி எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுத்தான் போனா. அங்க குளுரு ஜாஸ்தின்னு நெனச்சிருப்பா.

ஒரு தடவை நான் திருப்பூர் போயிருந்தேன். வாசல்லயே உக்காத்தி வெச்சுச் சோறு போட்டா. உள்ள எடமில்லை, மாப்பிள்ளை தூங்கறாருன்னா. சாப்பிட்டுட்டு வந்துட்டேன்.

அவ்வளவுதானுங்களா, முடிஞ்சுதுங்களா? சார், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே. இத்தனையும் வித்து பேங்க்குக் கடனுக்குப் போனதுபோக, ஷேரு வெச்சிருக்கறவங்களுக்கு எவ்வளவு மிஞ்சுமுங்க?

ஒண்ணுமில்லையா?

ஒரு ரூவாகூடவா?

பேங்க்குக் கடனுக்கே காவாசிதான் தேறுமுங்களா. அப்பச் சரி. இல்லீங்க, தல சுத்தல்லாம் இல்லை, காலைல சாப்பிடலை, அதான். சித்தே இந்தக் கல்லு மேல உக்காந்துக்கறேன். நீங்க நல்லவருங்க. வேற ஆளா இருந்தா எங்கிட்டச் சொல்லியிருக்க மாட்டாங்க. ஆமாங்க, விக்கத்தான் போட்டிருக்கேன், பாருங்க, இதா. நீங்க சொல்ற மாதிரி இன்னிக்கு வித்தாத்தான் உண்டு. உங்க ரிப்போட்டு வெளிய வந்துருச்சுன்னா அடுத்த திங்கக்கெழமை பேப்பரு வெலைக்குக்கூடப் போகாது. வித்துப்போடறேன். துளசிகிட்ட இருந்துக்கறேன். ஒரு ரூமு போதுமுங்க, ரெண்டு பேருக்கு எதுக்கு நாலு சென்ட்டு? அவ பேசாட்டியும் பரவால்லை, அடுப்படியில அவ ஏனம் கழுவற சத்தங் கேட்டுக்கிட்டு இருந்தாப் போதும்.

இருங்க இருங்க. என்னமோ நடக்குதுங்க. எனக்கு முன்னால விக்கறதுக்கு லைன்ல நின்ன ஷேரெல்லாம் கொறையுது. காலைல ரெண்டு லட்சம் நின்னுச்சு. இப்பப் பாருங்க, எம்பதாயிரம். எழுபது. வாங்கறாங்க சார்! யாரோ வாங்கறாங்க! இப்படியே போனா அஞ்சு நிமிசத்துல எம் முறை வந்துரும். துளசி, ஊடு உனக்குத்தான்.

எதுக்கு வாங்கறாங்க ஆனா? ஏழு வாரமா நாதியில்லாமக் கெடந்ததை?

குரூப்புல என்னமோ வந்திருக்குது. தேவராஜ் போட்டோ போட்டிருக்கான். இது நம்ம கேட். இது உங்க காருங்க சார். வெள்ளைக் காரு, நம்பரு தெரியுது. 'பெரிய பார்ட்டி மில்லை வாங்கப் பாக்க வந்திருக்கு, ரெண்டு மணி நேரமா உள்ள இருக்காங்க'ன்னு எழுதியிருக்கான். அடப் பாவி!

தெரியுமுங்க சார், தெரியுமுங்க. நீங்க வாங்க வரலை. நீங்க இரும்பு வெலை போட வந்தவரு. கேட்டைத் தொறந்து உட்டதே நாந்தானே, எனக்குத் தெரியாதுங்களா? அம்பதாயிரம்... நாப்பத்திரண்டு...

இல்ல, ஆனா ஒண்ணு. இத்தனை பேரு வாங்கறாங்க. ஒரு காரு போட்டோவுக்கா? நீங்க எதுக்கு வந்தீங்கன்னு உங்களுக்கு முழுசாத் தெரியுமுங்களா சார்? உங்களை அனுப்பிச்சவங்க மனசுல என்ன இருக்குதோ. வெலைய மட்டமா எழுதச் சொல்லி, பின்னால யாராச்சும் பெரிய கை எடுக்கப்போறாங்களோ என்னமோ. நீங்க மெஷினைப் பாத்தீங்க, செவுத்தைப் பாத்தீங்க. வாங்கறவன் அதையா பாக்கறான்? பதினெட்டாயிரம்... நான் இப்ப வித்தா, எங்கிட்டருந்து ஒருத்தன் வாங்கறான். எதையுந் தெரியாமயா வாங்குவான்? பதினோராயிரத்துக்கு வித்துப்போட்டு, நாளைக்கு இது நூறு ரூவா ஆச்சுன்னா, துளசி மொகத்துல எப்படி முழிப்பேன்? மொதல்ல போட்டதை எடுக்கறதுக்கு இதானுங்களே கடைசி வழி. ஆறாயிரம்... வந்துருச்சு, அடுத்தது எம் முறைதான்...

ரத்து.

அமுக்கிட்டேனுங்க. சத்தம் போடாதீங்க சார். நீங்க சொன்னது காதுல உழுகாம இல்லை. இல்லீங்க, மறுக்காப் போட மாட்டேன். ஒண்ணு எம்பத்தஞ்சாச்சு, பாருங்க, ஏறுது.

போன் அடிக்குது. அவதான். சித்தே இருங்க.

ஆ, துளசி. சொல்லு. சாப்பிட்டயா? நான் சாப்பிட்டேன், சாப்பிட்டேன். யாருமில்லை, ஒரு ஆபீசரு வந்திருக்காரு, சுத்திக் காட்டிக்கிட்டு இருக்கேன். இல்லம்மிணி. இல்ல. காலைலயே போட்டேன், ஒம்பதேகாலுக்கே போட்டேன். இன்னிக்கும் ஒருத்தனும் வாங்கலை. நெசந்தான், உங்கிட்ட எதுக்குப் பொய் சொல்றேன்? வாங்க ஆளில்லாத கம்பெனின்னு நீதான் அப்பவே சொன்னயே. ஆமா, நீதான் சொன்னே.

அந்த ஊட்டை வேற ஆளுக்கு உட்டுக்கச் சொல்லிரு, துளசி.